நாணயமே ஈடு

(ஐக்கிய நாணய சங்கமொன்றின் வருஷாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் கொடுத்து வாங்கும் காசுக்கும் நாணயம் என்று பெயர். சொன்ன சொல் தவறாத குணத்திற்கும் நாணயம் என்றே பெயர். கிராமங்களில் கடன் கொடுக்க ஏற்பட்ட சங்கங்களுக்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயரிட்டவர்கள் இவ்விரண்டில் எதை எண்ணிப் பெயரிட்டிருந்தாலும் பெயர் வெகு பொருத்தமாகவே அமைந்தது. வெள்ளி ரூபாய் வழங்கிய காலத்தில் கடைக்காரர் அதைக் கல்லின் மேல் தட்டி, ஓசையைக் கொண்டு நல்லது கெட்டது அறிந்தார். மனிதனை அப்படித் தட்டிப் பார்க்க முடியாது. கடன் வாங்கும்போது அவன் பேசிய பேச்சையும், தவணை வந்தபோது அவன் பேசும் பேச்சையும் ஒத்துப் பார்ப்பதே அவனுக்கு உரைகல். அவ்விரண்டு பேச்சையும் காதால் கேட்கக்கூடியவர்கள் அவனுடைய தெருவில் வசிப்பவர்களே. பட்டணத்துப் பாங்கிக்கு அந்தச் செய்தி எட்டுவதில்லை. இந்தச் சிறிய உண்மையின் மேல்தான் கிராம நாணய சங்கம் என்னும் கட்டடம் முழுவதும் எழுப்பப்பட்டது.

அதை எழுப்பியவர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரெய்பீசன் என்னும் ஜெர்மானியர். 1818ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30ஆம் தேதி, ரைன் நதிக்குக் கிழக்கேயுள்ள வெஸ்டர்வால்டு என்னும் மலைநாட்டில், ஒன்பது குழந்தைகள் பிறந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். பதினேழாம் பிராயத்தில் பட்டாளத்தில் சேர்ந்தார். கண்ணில் நோய் கண்டபடியால் அவ்வேலையை விட நேர்ந்தது. 1845இல் வையர்புஷ் என்னும் கிராமத் தொகுதிக்கு மேயராக நியமிக்கப்பட்டார். மேயர் என்றவுடன் பெரிய நகரத்துப் பதவி என்று எண்ணிவிடலாகாது. சில ஏழைக் கிராமங்களின் காரியங்களைப் பார்க்கும் உத்தியோகமே அது.

அவர் சென்ற மறுவருஷமே விளைச்சல் பொய்த்தது. 1846-47ஆம் வருஷக் குளிர்காலத்தில் பஞ்சம் உண்டாயிற்று. சர்க்கார் மாவு அனுப்பிற்று. ஆனால் ரொக்கம் கொடுத்தவர்களுக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. பசித்தவனிடம் ரொக்கம் இருக்குமாயின் அவன் ஏன் பசித்திருக்கிறான்? ரெய்பீசன் அந்த உத்தரவை ஒதுக்கிவிட்டு ஏழைகளிடம் கடன் சீட்டு வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்தார். வசதியுள்ளவர்களைக் கூட்டி ஒரு நிதி திரட்டி, பொது அடுப்பு ஒன்று கட்டி, சந்தை விலைக்குக் குறைவாக ரொட்டி விற்கச் செய்தார். உத்தியோகஸ்தர் ஒருவர் விதியை மீறியதைப் புகழ்ந்து பேசுவது அபாயமானதே; எனினும் நடந்தது அதுதான்.

பிறகு ஃபிளாமர்ஸ்பெல்ட் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டார். அங்கே குடியானவர்களுக்கு மாடுகளே பெருந்தொல்லையாக இருந்தன. கையில் பணமில்லாதவன் மாட்டைக் கடனுக்கு வாங்குவான். வட்டி வளர்ந்து, கடைசியில் மாடும் போய்க் கடனும் நிற்கும். 1849இல் ரெய்பீசன் அவ்வூர்ச் செல்வர்கள் சுமார் 60 பேரை ஒன்று சேர்த்தார். அவர்கள் எல்லாரும் தங்கள் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைத்துப் பணம் திரட்டி, ஏழைகளுக்கு மாடு வாங்கிக் கொடுத்து, வருஷத் தவணைகளில் வசூல் செய்தார்கள். 1852இல் அவர் ஹெட்டஸ்டார்ப் சென்றார். 1854இல் அங்கே தரும சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். திக்கற்ற பிள்ளைகளைப் பராமரிப்பது, சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பது, ஏழைகளுக்குக் கடன் கொடுப்பது எல்லாம் அதன் வேலைகள்.

இதுவரையில் அவர் செய்தது தானமே. கொடுப்பவர் ஒரு வகுப்பு, வாங்குபவர் மற்றொரு வகுப்பு. சில வருஷங்களில் என்ன நேர்ந்தது? செல்வர்களின் உற்சாகம் தணிந்தது. கூட்டத்திற்கு வருவோர் குறைந்தனர். பஞ்சத்தின்போது கண்ணீரைக் கண்டு இளகிய மனம், பஞ்சம் நீங்கிய பின் கணக்குப் புத்தகத்தைக் கண்டு இளகவில்லை. இதைக் குற்றம் என்று சொல்லிப் பயனில்லை. இரக்கம் என்பது எவரிடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மழைக்காலத்து ஓடையைப்போல் வேகமாக வரும், விரைவில் வற்றும். வருஷம் முழுவதும் பாய வேண்டிய வயலுக்கு அதை நம்பலாகாது.

தன் பத்துப் பதினைந்து வருஷ உழைப்பின் அடிப்படை தவறு என்பதை ரெய்பீசன் 1864இல் ஒப்புக்கொண்டார். மனிதர்களில் பலர் செய்யாத காரியம் அது. அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை. தெய்வ பக்தி மிகுந்தவராகையால் செல்வர் ஏழைக்கு உதவுவதே தருமம் என்று நம்பியிருந்தார். ஷுல்ஸே-டெலிட்ஷ் என்னும் மற்றொரு ஜெர்மானியர் 1850 முதலே, தொழிலாளிகள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிச் சங்கங்கள் நடத்திவந்தார். அவரோடு வாதாடிய ரெய்பீசன் அனுபவத்திற்குத் தலைவணங்கினார். 1864இல் ஹெட்டஸ்டார்பில் தரும சங்கம் போய்க் கடன் சங்கம் வந்தது. கடன் வாங்குபவன் எவனோ அவனே அங்கத்தினன். அவனே மற்றவர்கள் கடனுக்கும் பொறுப்பாளி. 1866இல் இம்முறையை விளக்கி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

அவர் வைத்த விதிகளைப் பார்த்தால் மனுஷ்ய சுபாவத்தை அவர் எவ்வளவு நுட்பமாக அளந்தார் என்பது தெரியும். சங்கத்தின் எல்லை ஒரு சிறிய ஊராகவே இருக்க வேண்டும் என்றார். ஒருவன் மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் போகிறானா, வயலுக்குப் போகிறானா என்பதை ஊரார் அறிவார்கள் அல்லவா? நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. கணக்கெழுதுபவருக்கு மட்டும் உண்டு. இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் சேம நிதியில் சேர்க்க வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலானது எல்லையற்ற பொறுப்பு. சங்கம் நஷ்டப்பட்டால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதும் அதற்கு ஈடாக நிற்க வேண்டும். கேட்பதற்குப் பயங்கரமான விதியே! ஆயினும் பயம் இருக்கும் இடத்தில்தான் கண் திறந்திருக்கும் என்று அவர் கண்டார். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடன் தன் தலையில் விழக்கூடும் என்று அறிந்தவன் அக்கடன் எதற்குச் செலவாகிறது என்று பார்க்காமல் இரான்.

இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர்கள் இதே சுபாவத்தை வேறு விதமாக அளந்தார்கள். அவ்வூரில் 1833இல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கப்பட்டு 1835இல் மூடப்பட்டது. கடனுக்குச் சாமான் கொடுத்ததே அக்கடையைக் கெடுத்தது. ஆகவே 1844ஆம் வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி மறுபடி 28 பேர் 28 பவுன் முதலுடன் கடை திறந்தபோது, எவருக்கும் கடன் இல்லை என்பதை உறுதியாக வைத்தார்கள். தங்கள் பலவீனத்தைத் தாங்களே அறிந்து கதவடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ரெய்பீசனோ கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். கதவைத் திறந்து வைத்து, வாசலில் ஊராரை உட்கார வைத்தார்.

இத்தேசத்தில் கடனால் விளைந்த துன்பத்திற்கு 1875ஆம் வருஷம் ஒரு சாட்சி. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது ஏறிய பருத்தி விலை, யுத்தம் முடிந்ததும் வீழ்ந்தது. நிலவரி ஏறியது, சாகுகாரர்கள் கடனை நிறுத்தினார்கள். பூனா ஜில்லாவில் சூபா என்னும் சந்தை ஊரில் மே மாதத்தில் குடியானவர்கள் கூடி சாகுகாரர் வீடுகளில் புகுந்தார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியவை கடன் பத்திரங்களும் கணக்குப் புத்தகங்களுமே. அவற்றைத் தெருவில் போட்டு எரித்தார்கள். காகிதம் எரிந்தது, தேவை எரியவில்லை. அடுத்த விதைப்புக்கு மறுபடியும் யாரிடமாவது போகவேண்டியே இருந்தது.

1892இல் சென்னை அரசாங்கம் தன் சிவில் உத்தியோகஸ்தர்களில் ஒருவரான பிரெடரிக் நிக்கல்சனை இவ்விஷயம் விசாரிக்க நியமித்தது. அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். அவ்வளவு பக்கங்களும் எழுதியபின் அவர் கண்ட முடிவு, இங்கே வேண்டியது ரெய்பீசனைப்போன்ற மனிதரே என்பதாகும். சட்டத்தை 1904இல் இயற்ற முடிந்தது. அவ்வருஷத்திலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராம சங்கம் பதிவாயிற்று. மனிதரைச் சட்டத்தால் இயற்ற முடியவில்லை.

சென்னை மாகாணத்துக் கிராம சங்கங்கள் பலவற்றில் அக்காலத்தில் ஏற்பட்ட கஷ்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நலம். தமிழ்நாட்டுக் குடியானவன் நாணயமற்றவன் என்று சிலர் சொல்லிவந்தனர். அது முற்றிலும் தவறு. மொய் என்னும் வழக்கத்தைப் பாருங்கள். கலியாண வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை மூன்றையும் நோட்டில் எழுதுகிறார். பத்திரம் இல்லை, ஸ்டாம்பு இல்லை, ஜாமீன் இல்லை. தவணைத் தேதியும் இல்லை. ஆயினும் பத்து வருஷம் கழிந்தபின் கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால், வாங்கினவர் வயலை விற்றாவது அத்தொகையைத் திருப்பிச் செய்கிறார். சற்று அதிகமாகவும் செய்கிறார். அவரே சங்கத்துக் கடனுக்கு மூன்று தவணை பாக்கி வைத்திருப்பார். ஒரே மனிதர், ஒரே மடியில் உள்ள பணம். ஒரு கடனுக்கு வெட்கப்படுகிறார், மற்றொன்றுக்கு வெட்கப்படவில்லை.

காரணம் கண்டுபிடிப்பது கடினமன்று. மொய் கொடுத்தவருக்கு முகம் உண்டு. அவர் பந்தலில் எதிரே நிற்பார். திருப்பிக் கொடுக்கும்போது பெயரும் தொகையும் ஊரார் காதில் விழும். சங்கத்துப் பணத்திற்கு முகம் இல்லை. ரெய்பீசன் சங்கங்களில் ஊராரின் சொந்தச் சேமிப்பு வந்து சேர்ந்தது. கிழவி ஒருத்தி கோழி முட்டை விற்றுச் சேர்த்த காசும் அதில் இருக்கும். கடன்காரன் ஏமாற்றினால் அவளையே ஏமாற்றினவன் ஆவான். இங்கேயோ பெரும்பாலும் சென்ட்ரல் பாங்கியிலிருந்து பணம் வந்தது. ஊரில் சேர்ந்த டிபாசிட் அற்பம். ஆகவே ஜனங்கள் அதற்குச் சர்க்கார் பணம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சர்க்காருக்குப் பசிக்குமா? பெண்ணுக்குக் கலியாணம் நின்றுவிடுமா? இப்படி எண்ணத் தொடங்கியபின் தவணை என்பது இன்ஸ்பெக்டர் வரும் தேதியாகவே மாறிவிட்டது. 1951-52இல் நடந்து 1954இல் வெளியான அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, குடியானவர் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 100க்கு 3 பங்குக்குச் சற்று மேல் என்று கண்டது. அரை நூற்றாண்டு வேலைக்குப்பின் அதுவே மிச்சம்.

வெட்கத்திற்கு அடுத்தபடியாக ஆராயத்தக்கது தாட்சணியம். இச்சொல்லுக்குச் சரியான பிறமொழிச் சொல் கிடைப்பது அரிது. முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல மாட்டாமையே தாட்சணியம். இது நற்குணங்களில் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. இது இல்லாத ஊரில் ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் பாடை தூக்க ஆள் கிடையாது. ஆனால் தன் பொருளைக் கொடுக்கும்போதுதான் அது குணம். பஞ்சாயத்தார் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பிறர் பணத்தைத் தாட்சணியத்திற்காகக் கொடுக்கும்போது அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டும். மச்சானுடைய மனு வருகிறது. நிராகரித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. பெரிய மிராசுதாரின் மனு வருகிறது. நிராகரித்தால் வாய்க்காலில் தண்ணீர் கிடைக்காது. ஆகவே எல்லா மனுக்களும் அனுமதிக்கப்படுகின்றன. ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. வெற்றிலை கொடுப்பதுபோலக் கையெழுத்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்!

சங்க வருஷம் முடிந்த ஜூன் மாதக் கடைசியில் மற்றொரு வேடிக்கை நடப்பதுண்டு. கடன்காரன் எங்கிருந்தோ நான்கு நாளைக்குப் பணம் புரட்டிச் சங்கத்தில் கட்டுவான். கட்டிய மறுநாள் புதிய கடன் என்று அதே பணத்தைப் பெற்றுக் கைமாற்றைத் தீர்ப்பான். புத்தகத்தில் வசூல் முழுமை; ஊரில் ஒரு காசும் அசையவில்லை. இதற்குப் பஞ்சாயத்தார் சம்மதம் இல்லாமல் வழியில்லை. பொய் எழுதவேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. ஒருவரையும் நோகச் செய்யக்கூடாது என்றே விரும்பினார்கள்.

1930ஆம் வருஷத்தை ஒட்டி விளைபொருள் விலை ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. நெல் விலை இருந்த காலத்தில் மறைந்திருந்த ஓட்டைகள் எல்லாம் அப்போது வெளிப்பட்டன. கொடுக்க மனமில்லாதவனோடு கொடுக்க முடியாதவனும் பாக்கிதாரன் ஆனான். இவ்விருவரையும் பிரித்தறிவதே பஞ்சாயத்தாரின் முதற் கடமையாக இருந்தது. இயலாதவனுக்குத் தவணை நீடிக்க வேண்டும். மனமில்லாதவனிடம் உடனே வசூலிக்க வேண்டும். பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது. செல்வாக்குள்ளவனுக்கு நீடிப்பு, செல்வாக்கற்றவன் வீட்டில் ஜப்தி. பல சங்கங்கள் கலைக்கப்பட்டன. கலைப்பு அதிகாரி அங்கத்தினர்களிடமிருந்து பங்கு வசூலிக்க முற்பட்டபோது, ஒரு நாளும் தவணை தவறாதவன் எவனோ அவனிடமே எடுக்கக்கூடிய சொத்து இருந்தது. ஊதாரிக்கு இழக்க ஒன்றுமில்லை. எல்லையற்ற பொறுப்பு என்பதை அநேகர் அன்றுதான் முதன்முதல் வாசித்தார்கள் எனலாம். பிற்காலத்தில் அப்பொறுப்பு வரையறுக்கப்பட்டது. அதனோடு அண்டை வீட்டாரைக் கவனிக்கும் அவசியமும் குறைந்துபோயிற்று.

இதை விளக்க ஒரு கிராமத்தில் நடக்கத்தக்க காரியம் ஒன்றைச் சொல்வது போதும். பெயர்கள் வேண்டியதில்லை. வயது அறுபது கடந்த குடியானவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். உறவில் மருமகன் முறையான இளைஞன் கையில் மனுவோடு வருகிறான்.

"மாமா, கிணறு வெட்டச் சங்கத்தில் 150 ரூபாய்க்கு மனுப் போடுகிறேன். ஜாமீனுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும்."

"அதற்கென்ன மாப்பிள்ளை, போடலாம். இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம், வா."

"இப்போதே போக வேண்டுமா, மாமா? வெயில் ஏறிவிட்டதே."

"கிணற்று மேட்டில் நிழல் இருக்கும்; வா."

இருவரும் போகிறார்கள். கொல்லையில் கடப்பாரை பட்ட அடையாளமே இல்லை. இளைஞன் தலை குனிந்து, அக்காள் கலியாணத்துக் கடன் வெளியில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். பெரியவர் சொல்கிறார்: "அதை அப்படியே எழுது. பழைய கடன் தீர்க்கவும் சங்கத்தில் கொடுக்கிறார்கள். அதற்கு நான் ஜாமீன் நிற்கிறேன். வெட்டாத கிணற்றுக்கு என்னால் நிற்க முடியாது."

கடன் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று இளைஞன் சம்மதிக்கவில்லை. கோபித்துக்கொண்டு போனான். அன்று மாலையே வேறு இருவர் தாட்சணியத்திற்காகக் கையெழுத்துப் போட்டார்கள். பஞ்சாயத்தாரும் கொல்லைக்குப் போய்ப் பாராமல் அனுமதித்தார்கள். இரண்டு வருஷம் பெரியவரோடு அவன் பேசவில்லை. அவர் வீட்டு விசேஷத்திற்கு மொய் மட்டும் ஆள் மூலம் அனுப்பினான். மூன்றாம் வருஷம் பாக்கிக்காக ஜாமீன்தாரர்களில் ஒருவருடைய உழவு மாடுகள் ஜப்தியாயின. ஆடி மாதம், மழை பெய்து நிலம் உழவுக்கு ஏற்ற பதத்தில் இருந்த சமயம். பெரியவர் யாரும் கேளாமலே தம்முடைய ஜோடியை அந்த ஜாமீன்தாரர் வயலுக்கு ஓட்டிப்போய் நான்கு நாள் உழுது கொடுத்தார்.

ஐந்தாம் நாள் விடியுமுன் இளைஞன் அவருடைய திண்ணைக்கு வந்தான். கையில் மறுபடியும் ஒரு மனு இருந்தது. ஒரு துண்டு நிலத்தை விற்றுப் பாதியைக் கட்டிவிடுவதாகவும், மீதிக்கு நான்கு தவணை வேண்டுமென்றும் அதில் எழுதியிருந்தது. காரணம் எழுதவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"மாமா, இதை நீங்களே எழுதுங்கள்" என்றான்.

"நீயே எழுது, மாப்பிள்ளை. கூட்டத்தில் வாசிக்கும்போது உன் எழுத்தாக இருக்கட்டும்" என்று சொல்லி மைக்கூட்டை அவன் பக்கம் தள்ளினார். அவன் எழுதி முடித்ததும் வாங்கி, கீழே ஜாமீன் என்று போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.